நாகபுரி வெயிலில் ஒரு மல்லிகைப் பதியம்

அக்கினி நட்சத்திரம் கழிந்தால் வெயில் தணியும் என்பது நம்மூர்க் கணக்கு. வைகாசி பாதியில் கத்திரி விடைபெற்றதும் பெரியவர்கள் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "இனிப் பயமில்லை" என்பார்கள். நாகபுரிக்கு வந்து குடியேறிய தமிழர்க்கு இந்தக் கணக்கு உதவுவதில்லை. நம் கத்திரி முடிகிற தறுவாயிலேதான், சூரியன் ரோகிணியில் புகுந்தான் என்று சொல்லி, இவ்வூரார் 'நௌதபா' என்னும் ஒன்பது நாள் வெயிலை எண்ணத் தொடங்குகிறார்கள். இரண்டு ஊர்ப் பஞ்சாங்கத்தையும் நம்பி வாழும் நம் போன்றோர்க்கு வெயிலும் இரட்டிப்பு. 2013ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி இந்நகரில் 47.9 டிகிரி பதிவாயிற்று. 2024 மே மாத இறுதியில் ஒரு தானியங்கி நிலையம் 56 டிகிரி என்று காட்டி ஊரையே கலக்கிவிட்டது. அது கருவிக் கோளாறு என்று பின்னர் அறிவித்தார்கள். ஆனால் அந்த எண்ணைக் கேட்ட அன்று எங்கள் பார்சல் ஆபீசில் ஒருவர்கூட ஐயுறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வெயிலில் பூவும் பச்சிலையும் வளர்ப்பது பற்றி எழுதுமாறு சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். நான் தோட்டக்கலை பயின்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு ரயில்வேயிலே கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானவன். எங்கள் வீட்டிலே தோட்டக்காரர் என் தாயார். நான் அவருக்கு மண் சுமப்பவன், சாக்கு கட்டுபவன், இப்போது அவர் சொல்லுவதை எழுதுபவன். அவ்வளவே.

எங்கள் குவார்ட்டர்ஸ் தரைத்தளத்தில் இருக்கிறது. கிழக்கே ஒரு தாழ்வாரம், மேற்கே நாலு முழ அகலத்தில் ஒரு கொல்லை. முதலிலே அறிய வேண்டியது இந்தத் திசைக் கணக்குத்தான். நம்மூரில் வெயில் மட்டுமே பகை. இங்கே வெயிலைவிடக் காற்றே பெரும்பகை. ஏப்ரல் முதல் மேற்கிலிருந்து வீசும் 'லூ' என்னும் அனற்காற்றில் ஈரப்பசையே கிடையாது. காலையில் வாளி நீர் ஊற்றிய செடியும் பகல் இரண்டு மணிக்குள் அப்பளம் போல் பொரிந்துவிடும். வேரிலே ஈரம் இருக்கும், இலை கருகியிருக்கும். வேர் உறிஞ்சிக் கொடுக்கும் வேகத்தைக் காட்டிலும் காற்று இலையிலிருந்து பறிக்கும் வேகம் மிகுதி என்பதே காரணம். ஆகையால் மேற்குக் கொல்லையில் கோடைக்கு ஒரு தொட்டியும் வைப்பதில்லை. பங்குனியிலேயே எல்லாவற்றையும் கிழக்குத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, காலை பத்து மணி வரை வெயில், பிறகு நிழல் என்னும்படி அமைத்துவிடுவோம். தாழ்வாரத்தின் இரு ஓரங்களிலும் பழைய கோணிச் சாக்கைத் தொங்கவிட்டுப் பகலில் இரு முறை நனைத்து வைப்போம். கடையில் பச்சை வலை விற்கிறார்கள். அது வெயிலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. என் தாயார் சாக்கின் கட்சி.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வூரில் கிடைப்பது கரிசல். கோவில்பட்டிப் பக்கத்து அன்பர்களுக்குப் பிறந்த வீட்டு மண் போலத் தோன்றலாம். மழையில் பசைபோல் குழைந்து வேருக்கு மூச்சுவிட இடம் தராது. கோடையிலோ வெடித்து, அந்த வெடிப்பு வேரை அறுக்கும். பருத்திக்கும் ஆரஞ்சுக்கும் அது பொன். தொட்டிச் செடிக்கு அதை அப்படியே போடலாகாது. ஒரு பங்கு கரிசல், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய சாண எரு, அடியில் ஒரு கை செங்கல் உடைசல். இதுதான் எங்கள் வீட்டுக் கலவை. மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தேங்காய் நார் பரப்ப வேண்டும். வடநாட்டிலே குடியிருந்தாலும் தமிழர் அடுக்களையில் தேங்காய் நாருக்குப் பஞ்சம் ஏது? பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் கொதிக்கும். மண் தொட்டி உடம்பெல்லாம் வியர்த்துத் தன்னைத் தானே குளிர்வித்துக் கொள்ளும், ஆனால் சீக்கிரம் உலரும். இதற்கு என் தாயார் கண்ட வழி, சிறிய தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணலை நிரப்பி, அந்த மணலை ஈரமாக வைப்பது. நம்மூரில் தண்ணீர்ப் பானையை மணலின்மேல் வைக்கும் வழக்கம்தான் இது. பானைக்கு நல்லது செடிக்கும் நல்லதாயிற்று.

இனி அந்த மல்லிகையின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் சொந்த ஊர் திருமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூர். வீட்டுக் கிணற்றடியில் ஒரு மல்லிகைப் புதர் உண்டு. என் தகப்பனார் வைத்தது. மதுரை மல்லி என்று ஊரெல்லாம் பேசினாலும், 2013இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டாலும், அதன் கன்று பெரும்பாலும் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்தே வருகிறது. அவ்வூர் மணலிலே பதியம் போட்டுக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். எங்கள் புதரும் அப்படி வந்த கன்றே. 2022இல் தகப்பனார் காலமானார். அம்மாவைத் தனியே விட்டுவைக்க எனக்கு மனமில்லை. வீட்டை விற்று, கடனை அடைத்து, நாகபுரிக்கு வந்துவிடும்படி வற்புறுத்தினேன். அவர் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஐப்பசியிலே பதியம் போட்டிருக்கேன்ப்பா. அது வேர் விடட்டும். அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வர்றேன்."

தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, கணுவின் அடிப்புறத்தில் சிறிது கீறி, மண்ணிலே புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுவதே பதியம். தாய்ச்செடியின் உணவை உண்டுகொண்டே கிளை தன் வேரை விடும். மூன்று நான்கு மாதம் பொறுத்து வெட்டிப் பிரிக்க வேண்டும். தை மாதம் அம்மா அதைப் பிரித்தெடுத்து, வேரோடு ஒட்டிய மண்ணை வாழைமட்டையில் பொதிந்து, ஈரத்துணி சுற்றி, மடியில் வைத்தபடியே தமிழ்நாடு எக்ஸ்பிரசில் வந்து சேர்ந்தார். வீட்டை வாங்கியவர் புதுமனை கட்டக் கிணற்றடியைச் சீர்படுத்தினார் என்று பின்னர் செய்தி வந்தது. புதர் போயிற்று. ஆக, தகப்பனார் கைவைத்த செடியில் எஞ்சியது அம்மாவின் மடியில் வந்த அந்த ஒரு சாண் குச்சியே.

2023ஆம் ஆண்டுக் கோடை அதற்கு முதற்கோடை. அம்மாவுக்கும் முதற்கோடைதான். ஏப்ரலில் எட்டு இலை இருந்தது. மே முதல் வாரத்தில் ஒன்றுமில்லை. தொட்டிக்குள் தொட்டி, நார், நனைந்த சாக்கு எல்லாம் இருந்தும் இலைகள் பழுப்பேறி உதிர்ந்தன. என் மனைவி, "வேறு செடி வாங்கிக்கலாம், அத்தை. இங்கே மோக்ரா என்று விற்கிறார்களே, அதுவும் நம்ம மல்லிகை ஜாதிதானே?" என்று ஆறுதல் கூறினாள். உண்மைதான், இரண்டும் ஒரே இனந்தான். அம்மா பதில் சொல்லவில்லை. அன்று மாலை நகத்தால் தண்டின் அடிப்புறத்தில் எள்ளளவு கீறிப் பார்த்தார். பட்டையின் கீழே பச்சை இருந்தது. "உயிர் இருக்கு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் என் மகளும் கீறிப் பார்க்கப் போனபோது, "தினமும் கீறினால் அதுவே செத்துப்போகும் தாயி" என்று தடுத்துவிட்டார். அதன்பின் ஆறு வாரம் எவரும் கீறவில்லை. பச்சை இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமலே அந்தக் குச்சிக்கு நாள்தோறும் ஒரு சொம்பு நீர் போயிற்று.

அந்தச் சொம்பினால் ஒரு வழக்கு எழுந்தது. கோடையில் எங்கள் கட்டடத்துக்குக் குழாய்த் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரமே வரும். சில நாள் அதுவுமின்றித் தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடத்தோடு நிற்போம். அப்படி ஒருநாள் லாரித் தண்ணீரிலிருந்து அம்மா ஒரு சொம்பு மொண்டு குச்சிக்கு ஊற்றியதை மாடிவீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டார். "குடிக்கத் தண்ணீரில்லை, செத்த செடிக்கு அபிஷேகமா?" என்று இந்தியில் உரக்கக் கேட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. பேத்தியை அழைத்து என்ன சொன்னார் என்று விசாரித்தார். குழந்தை ஒன்றும் குறைக்காமல் மொழிபெயர்த்துவிட்டாள். நான் பதில் பேச எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவர் சொல்றது நியாயம்ப்பா. நாலு வீடு குடத்தோட நிக்கிறப்போ பூவுக்கு ஊத்துறது தப்புத்தான்."

பெரியவர் கேட்டவிதம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வியைத் தள்ள முடியவில்லை. ஊர் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது மல்லிகை வளர்க்கலாமா? இதற்கு அம்மா வாயால் விடை சொல்லாமல் ஒரு வாளியால் விடை சொன்னார். மறுநாள் முதல் அடுக்களையில் ஒரு வாளி வைக்கப்பட்டது. அரிசி களைந்த நீர், பருப்புக் கழுவிய நீர், காய்கறியும் கீரையும் அலசிய நீர், சொம்பில் மிஞ்சிய நீர் எல்லாம் அதில். உப்புப் பட்டதும் சோப்புப் பட்டதும் அதில் சேரலாகாது. எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 லிட்டர் தேறியது. நானும் அதுவரை நினைத்ததில்லை, சாக்கடைக்குப் போனது இத்தனை நீர் என்று.

கூலரில் மிஞ்சும் தண்ணீரைப் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். அது வேண்டாம். காற்று நீரை மட்டுமே கொண்டுபோகிறது, உப்பை விட்டுச் செல்கிறது. நாளாக நாளாகக் கூலர்த் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். பக்கத் தட்டியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுவதைக் காணலாம். ஏ.சி. எந்திரத்தின் குழாயில் சொட்டும் நீரோ காற்றிலிருந்து வடிந்தது, அதில் உப்பில்லை. எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை என்பதால் இதை அனுபவத்தில் சொல்லவில்லை, எதிர்வீட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

பதினைந்து லிட்டருக்கு எத்தனை தொட்டி? அப்போது எங்களிடம் இருபத்துமூன்று இருந்தன. அத்தனையும் பிழைக்க வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எது இருக்கும், எது போகும் என்று பிரித்தார். கடினமான வேலை. கனகாம்பரத்தில் இரண்டு தொட்டியைக் கைவிட்டார். விதைக்காயை மட்டும் பறித்து வைத்துக்கொண்டார். (காய்ந்த அந்தக் காயில் நீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.) ரோஜா என் மனைவி ஆசையாக வாங்கியது. அதை அவளே எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கொத்தமல்லியைப் பற்றி வாதமே எழவில்லை. இந்த வெயிலில் அது முளைப்பதும் அரிது, முளைத்தாலும் நாலு இலை விட்டதும் பூத்துவிடும். அதன் காலம் ஐப்பசிக்குமேல்தான்.

நின்றவை எவை என்பதே கோடைத் தோட்டம் போட விரும்புவோர்க்குப் பயன்படும். நித்தியகல்யாணி நின்றது. இவ்வூரார் 'சதாஃபுலி' என்பர். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செடி. இரண்டு நாள் மறந்தாலும் கோபிக்காது. அதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதை மருத்துவர்தாம் தரவேண்டும், நாம் இலையைக் கிள்ளி மெல்லலாகாது, அது நஞ்சு. அடுத்து, தரையோடு படரும் பட்டு ரோஜா. காலை வெயில் ஏறியபின் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்வதால் இங்கே இதற்கு 'ஆபீஸ் டைம்' பூ என்றே பெயர். நேரந்தவறாத அந்தப் பூவைக் கண்டால் எங்கள் ஆபீசில் சிலருக்குக் கூச்சம் வரவேண்டும். அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததாயினும் அதை நம்மூர்ப் பூவல்லவென்று எவரும் சொல்ல முடியாது. மேற்செடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும், மழை விழுந்ததும் எழும்.

பச்சிலைகளில், திருநீற்றுப்பச்சை வெயிலைப் பொருட்படுத்தாது. அதன் விதைதான் கடையில் விற்கும் சப்ஜா. ஊறவைத்துப் பானகத்தில் போட்டால் வீட்டுக் கோடைக்கு அது போதும். துளசிக்குக் கதிர் விடும்போதெல்லாம் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விதை முற்றவிட்டால் செடி தன் கடமை முடிந்ததென்று நினைத்து மரத்துப்போகும். கற்பூரவல்லிக்கு நேர்வெயில் பட்டால் இலை வெளுக்கும், நீர் மிகுந்தால் தண்டு அழுகும். அரைநிழலில் கஞ்சத்தனமாக நடத்த வேண்டும். புதினா நேர்மாறு, அதற்கு என்றும் ஈரம் வேண்டும். ஆகவே வாளித் தண்ணீரில் பெரும்பங்கு அதற்குப் போயிற்று. "பூவுக்கு ஊத்தினால்தான் குத்தம், சட்டினிக்கு ஊத்தினால் குத்தமில்லையே" என்றார் அம்மா.

கறிவேப்பிலை மட்டும் தரையில் நட்டது. அதன் பக்கத்தில் கழுத்தளவு புதைத்த மண்பானை ஒன்று உண்டு. பானையை நிரப்பி மூடிவிட்டால் அதன் உடம்பின் வழியே நீர் கசிந்து நேரே வேருக்குப் போகும், வெயில் ஒரு துளி தொடாது. இந்தச் செடிக்கு வரும் பகை ஒரு புழு. சிறுவயதில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் அசையாதிருக்கும், வளர்ந்தபின் பச்சையாகி ஒரே நாளில் கொத்தை மொட்டையாக்கும். அதுவே பின்னர் அழகிய பட்டாம்பூச்சியாகிறது என்று பள்ளியில் படித்துவந்த என் மகள் அதைக் கொல்லவிடமாட்டேன் என்றாள். ஒரு கிளையைப் புழுவுக்கு மானியமாக விட்டிருக்கிறோம். புழுக்கள் அந்த எல்லையை மதிப்பதாகத் தெரியவில்லை.

அந்த ஆண்டு ஜூன் பிற்பகுதியில் பருவமழை வந்தது. நான்காம் நாள் காலை நான் டியூட்டிக்குப் புறப்படும்போது அம்மா வாசலில் நின்று அழைத்தார். குச்சியின் அடியில், மண்ணை ஒட்டி, இரண்டு தளிர். ஒவ்வொன்றும் அரிசி மணியளவு. அம்மா ஒன்றும் பேசவில்லை. தகப்பனார் படத்துக்கு அன்று அவர் சற்று நேரம் கூடுதலாக விளக்கை எரியவிட்டார் என்று என் மனைவி பின்னர் சொன்னாள்.

இங்கே குளிர்காலம் நம்மூரைவிடக் கடுமை. மல்லிகை அப்போது உறங்கும். தை முடிவில் குளிர் விட்டதும் அம்மா நீரை நிறுத்தி, கிளைகளைக் கவாத்து செய்து, இலையையும் உருவி, எரு வைத்தார். 2024 ஏப்ரலில் முதன்முறையாகப் பூத்தது. முதல் நாள் மூன்று மொட்டு. எங்கள் வீட்டுப் பெண்மக்கள் மூவர், ஆளுக்கொன்று. மே மாதத்தில் நாளுக்கு முப்பது நாற்பது என்று வந்தது. மொட்டை விடியலிலேயே பறித்துவிட வேண்டும். அந்தியில் அது தானே விரியும். இவ்வூர்ப் பெண்கள் ஊசியிலே நூல் கோத்துக் 'கஜ்ரா' செய்கிறார்கள். ஊசியின்றி வாழைநாரில் விரலாலே முடிச்சிட்டுத் தொடுப்பதைப் பார்க்க மாடிவீட்டு அம்மையார் இறங்கிவந்தார். அம்மாவுக்கு இந்தி வரவில்லை, அவருக்குத் தமிழ் வரவில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் அந்த அம்மையார் முழச்சரம் தொடுக்கக் கற்றுக்கொண்டார். பெரியவர் இன்றும் பூந்தொட்டியைக் கண்டால் முகம் சுளிக்கிறார். ஆனால் அவர் வீட்டு அடுக்களையிலும் ஒரு வாளி இருக்கிறதாம்.

ரயில்வே ஊழியனுக்கு மாற்றல் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. பெரிய தொட்டியை மடியில் வைத்துப் போக முடியாது. ஆகையால் 2024 ஆவணியிலே அம்மா மூன்று பதியம் போட்டார். மூன்றும் வேர் பிடித்தன. ஒன்று மாடிவீட்டுக்குப் போயிற்று. இரண்டு, நம் சங்கத்து அன்பர்கள் இருவர் வீட்டில் இருக்கின்றன. ஒரு செடி போனாலும் வேறோர் இடத்தில் அது இருக்கும் என்பதிலே அவருக்கு ஒரு நிம்மதி. "ஒரே இடத்திலே வச்சிருந்ததுதானே அன்னிக்கு நமக்குப் பயம்" என்றார்.

வரும் ஆவணியிலும் பதியம் போடுவதாக இருக்கிறோம். கன்று வேண்டும் அன்பர்கள் மாதக் கூட்டத்தின்போது என்னிடம் பெயரைக் கொடுத்தால் தை மாதத்தில் பிரித்துத் தருவோம். விலை ஏதும் இல்லை. தொட்டியை அவரவர் கொண்டுவர வேண்டும். மண் தொட்டியாக இருந்தால் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் அளவில். அதோடு ஒரு பை தேங்காய் நாரும் கொண்டுவரும்படி அம்மா சொல்லச் சொன்னார்.